சிவகோசரியார் கண்ட காட்சி

கண்ணப்ப நாயனார் புராணத்தை ஓதுவாரும் அதற்குப் பொருள் விரிப்பாரும் திண்ணனாரது அன்பின் பெருமையிலேயே கருத்தூன்றி, அப்புராணத்தின் ஒரு மருங்கில் நிற்கும் சிவகோசரியாரைப் பெரும்பாலும் மறந்து விடுகின்றனர். மறவாதார் சிலரும் பழிப்பதற்கே அவரை நினைக்கின்றனர். ஆகம விதி வழாது பூசை புரிந்த அம்முனிவர் அன்பில்லாத வெறுஞ் சடங்கினர் என்றும், அவர்தம் செருக்கை அடக்குதற்கே காளத்தியப்பர் வேடரை முன்னிறுத்தினார் என்றும் மேடைகளிற் சொல்லக் கேட்கலாம். கேட்டற்கு இனிதாயினும் இது சேக்கிழார் திருவுள்ளம் அன்று. இங்ஙனம் கொள்வதனால் விளையும் இழுக்கும் சிறிதன்று, என்னை? முன்னர் வேடரை இகழ்ந்த கண் இப்பொழுது முனிவரை இகழ்கின்றது. இகழுந் தொழில் மாறிற்றில்லை.

புராணத்தின் நடையை நோக்குவார்க்கு உண்மை எளிதிற் புலனாகும். குடுமித் தேவரைக் கண்ட அளவிலே திண்ணனார்க்குத் தோன்றிய முதற் கவலை, கொடிய விலங்குகள் திரியும் மலையில் இவர் தனியே இருக்கின்றாரே என்பது. அதனால் இரவு முழுதும் வில்லேந்தி நின்று காத்தார். விடியுமுன் அவர் வேட்டைக்குச் சென்றபின் வந்த முனிவர், திருமுன்பில் இறைச்சியும் எலும்பும் கிடப்பக் கண்டு பதைத்தார். திருவலகு கொண்டு அவற்றை நீக்கினார். மீண்டும் பொன்முகலியில் நீராடி வந்து பூசனை முடித்தார். எல்லாவற்றையுங் காப்பவனுக்கு விலங்கினால் ஊறு வரும் என்று அஞ்சினார் ஒருவர். தூய்மையே வடிவானவனுக்குத் தூய்மைக் கேடு வந்ததென்று அஞ்சினார் மற்றொருவர். காவல் வேண்டாத பொருளுக்கு இரவிற் காவல் வில்லாயிற்று. பகலிற் காவல் அலகாயிற்று. இருவர் அச்சமும் அன்பின் வழிப்பட்டதே என்பதனை உணராமல், ஒன்றனை அன்பென்றும் மற்றொன்றனை ஆரவாரம் என்றும் பிரிப்பது நூலறிவுடையார்க்கு ஏலாது. திண்ணனாரது அன்பின் அளவு வேறு, முனிவரது அன்பின் அளவு வேறு என்பது உண்மை. அளவு வேறுபடின் இனமும் வேறுபடுமென்பது யாண்டுப் பெற்றது?

ஆயின் முனிவர்பாற் குறையே இல்லையோ எனின், உண்டு. அக்குறை இன்னதென்று அவர் விண்ணப்பமே காட்டுகின்றது. நாள்தோறும் நிகழும் அவ்வடாச் செயலை ஒழித்தருள வேண்டுமென வேண்டுகின்றவர், அதனைச் செய்தவரைத் தாம் கண்டிலர் என்பதனையும் உடன் கூறுகின்றார். செயலைக் கண்டார், செய்தவரைக் காணவில்லை. இருவரும் ஒரே திருமுன்பில் நாள்தோறும் நின்றும் ஒருவரை ஒருவர் கண்டிலர் என்று கதையை நடத்திய புலமை வியக்கத்தக்கது. முனிவர்க்குத் திண்ணனாரைப் பற்றித் தெரிந்தன எல்லாம் எலும்பும் ஊனும் செருப்படிச் சுவடுமே. பிறரை அறிந்தோம் என்று உலகில் எண்ணுவார் பலரது அறிவும் இத்தன்மைத்தே.

அவ்விரவிற் கனவில் தோன்றிய பெருமான் முனிவரைக் கடிந்திலன், செருக்குடையாய் என்றிலன், அவர் பூசையைப் பயனற்றது என்றும் இகழ்ந்திலன். வேடனது வடிவு முழுதும் தன்பால் வைத்த அன்பே என்றும், அவன் அறிவு முழுதும் தன்னை அறியும் அறிவே என்றும், அவன் செயலெல்லாம் தனக்கு இனியவே என்றும் உணர்த்தினான். ஈண்டு ஊன்றி நோக்கற்பாலது ஒன்றுண்டு. 'புறத்தே இழிந்தவனாயினும் அகத்தே நல்லவன்' என்னும் உலகியல் இரக்க மொழி அத்திருவாக்கில் இல்லை. வடிவே அன்பு என்றமையின், செருப்பும் தோலுடையும் வாயிற் கொணர்ந்த நீரும் ஒதுக்கப்பட்டில, அவையே இனியவாயின. வேடரை முதலிற் கழுவித் தூய்மை செய்து, பின்னர் அவர் அழகைக் காட்டினானல்லன். மறைந்திருந்த அழகு, முனிவர் அருவருத்த அவ்வுருவினின்று வேறாய் எங்கோ ஒளிந்து கிடந்ததன்று. அவ்வுரு யாரை நோக்கி நின்றதோ அவ்விடத்தினின்று பார்த்தார்க்கு அது விளங்கிற்று.

ஊன் என்பது ஆணவம், வில் என்பது பிரணவம் என்றாற்போல உருவகஞ் செய்து விளக்குவாரும் உளர். அவர் நோக்கம் நல்லதேயாயினும், ஊன் ஊனன்றாயின் முனிவர் பதைத்ததற்கும் இடமில்லை. அவர் கற்க வேண்டியதும் ஒன்றில்லை. அவ்வுரை வேடரைக் காப்பதுபோலக் காட்டி வேடரையே இல்லையாக்கி விடும்.

இனி, நூல்களுள் ஒரு முரண்போலத் தோன்றுவது உண்டு. கண்ணப்பரது அன்பைக் கண்ணப்பர் அறிதலும் காளத்தியார் அறிதலும் அன்றி, மற்றெவரும் அறியத்தக்கதன்று என்பது திருக்களிற்றுப்படியார் கருத்து. அங்ஙனமாயின் சிவகோசரியார் கண்டது யாங்ஙனம்? இதற்கு விடை சிவஞான போதப் பதினோராஞ் சூத்திரத்தே உளது. கண் தானே காணமாட்டாது. உயிர் உடனின்று காட்டித் தானுங் கண்டாலன்றிக் காட்சி நிகழாது. அவ்வாறே உயிரும் தானே காணமாட்டாது. இறைவன் உடனின்று காட்டியுங் கண்டும் உதவுகின்றான். சூத்திரம் நுதலியது உயிர் இறைவனை உணர்ந்து அன்பினால் அவன் கழல் சேருமாறாயினும், பிறிதோருயிரின் அன்பைக் காணுமிடத்தும் அவ்வுபகாரமே வேண்டப்படும் என்பதற்கு இப்புராணமே இலக்கியம். ஆகவே முனிவர் தம் அறிவாற் கண்டாரல்லர். காளத்தியார் அறிந்த அறிவினுள் நின்று கண்டார். முரணும் அவ்வளவில் ஒழிந்தது.

சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டினர். மெய்கண்டார் 13ஆம் நூற்றாண்டினர். சூத்திரத்தை நோக்கிப் புராணம் பாடப்பட்டதன்று. எனினும் 'காட்ட' என்னுஞ் சொல்லைச் சேக்கிழார் ஈரிடத்து ஆளுதல் கருதத்தக்கது. கனவில் அருளிய மொழியில் ஒருகால் வருவது. ஆறாம் நாட் பெருமான் திருக்கண்ணில் உதிரம் பாய்ந்ததைக் கூறுமிடத்து மீட்டும் வருவது. முனிவர்க்குத் திண்ணனாரது பரிவைக் காட்டுதற்கென்றே அது நிகழ்ந்ததாகப் புலவர் வெளிப்படையாகக் கூறியிருப்பவும், அன்பரைச் சோதித்தற்கு என்று மட்டும் உரைத்துச் செல்வது நூலிற் பாதியை விட்டதாகும். திண்ணனார்க்கு அவ்வுதிரம் தாங்கொணாத் துயர். முனிவர்க்கோ அது பாடம். இறைவன் தன் திருவாயாலேயே கூறியபின்னும் கேள்வி போதாதாயிற்று. ஓரடியாரை மற்றோரடியார் காணும்படி செய்தற்குத் தன் கண்ணையே புண்ணாக்கிக் கொண்டான். ஒருவரை ஆட்கொள்வது மட்டும் கருத்தாயின் இத்துணை வேண்டா. இருவர்மேலும் வைத்த அருள் என்றாலன்றி இது பொருந்தாது.

திருநீறும் கண்டிகையும் ஆகிய வேடத்தைக் கண்டு வணங்குக என்பது பன்னிரண்டாஞ் சூத்திரத்தாற் பெறப்படுதலின், வேடமில்லாதாரை யாங்ஙனம் மதிப்பது என்று வினவுவார்க்குக் கழறிற்றறிவார் வரலாறு துணையாம். உவர்மண் மழையிற் கரைந்து மேனி வெளுத்து வந்த வண்ணார் ஒருவரைக் கண்டு, திருநீற்றுக் கோலம் எனக் கொண்டு, சேரமான் யானையினின்று இறங்கி வணங்கினார். தாம் இன்னார் என்று அவர் நடுங்கி உரைத்தபோதும், மன்னர் நாணி மீண்டாரல்லர். தம்மையும் அடியார் எனவே கூறி, நீற்றின் வடிவை நினைப்பித்தீர் என்று தேற்றினார். அது பிழைபட்ட காட்சி என்று சேக்கிழார் ஓரிடத்துங் குறித்திலர்.

சேரமானுக்கு ஒரு கணத்தில் வாய்த்தது, சிவகோசரியார்க்கு ஐந்து நாட் துயருக்குப் பின் வாய்த்தது. ஒரு கண்ணை அப்பி மறு கண்ணையும் இடக்க முயன்ற அன்பரது கையைப் பெருமான் திருக்கை பற்றிய அந்நேரத்தே, ஒளிந்திருந்த முனிவர் யாது சொன்னார், யாது செய்தார் என்று புராணம் ஒன்றுங் கூறிற்றில்லை. வணங்கியதாகவோ வருந்தியதாகவோ ஒரு சொல்லும் இல்லை. முன்பு காணேன் என்று முறையிட்டவர் கண்டார் என்பதும், ஞானமா முனிவர் என்னும் பெயரும் மட்டுமே அவ்விடத்து உள.