நன்னூல் கூறும் மாணாக்கர் இயல்பும் உளநூலும்

நன்னூலை எழுத்தும் சொல்லும் உணர்த்தும் இலக்கண நூலாகவே பெரும்பாலார் கற்கின்றனர். அதன் முகப்பில் நிற்கும் பொதுப்பாயிரத்தைச் சிலர் பரீட்சைக்காக நெட்டுருச் செய்வர். பலர் கடந்து செல்வர். 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சீயகங்கன் வேண்டப் பவணந்தி முனிவர் இயற்றிய இந்நூலுக்கு நாவலர் (1822–1879) காண்டிகையுரை வகுத்தார். ஆதலின் யாழ்ப்பாணத்துக் கல்வி மரபில் அப்பாயிரக் கருத்துக்கள் ஆழ ஊன்றியுள்ளன. கற்பவன் உள்ளம் பற்றி அது கூறுவனவற்றுள் எவை இன்றும் கொள்ளத்தக்கன, எவை தள்ளத்தக்கன என்பதை ஆராய்தலே ஈண்டு நம் நோக்கம்.

பாயிரம் மாணாக்கரை மூவகைப்படுத்துகின்றது. பாலையும் நீரையும் பிரிக்கும் அன்னமும், மேய்ந்ததை அசைபோடும் பசுவும் தலை. உழவன் முயற்சியளவே பயன் தரும் மண்ணும், சொன்னதையே சொல்லும் கிளியும் இடை. ஒழுகும் குடமும், ஓரிடத்தும் வயிறார மேயாத ஆடும், குளத்தைக் கலக்கிக் குடிக்கும் எருமையும், நெய்யை விட்டு அழுக்கைப் பற்றும் பன்னாடையும் கடை. உவமைகள் கூரியவை, வகுப்பறையில் நின்று பழகியோர் இவ்வெண்மரையும் கண்டிருப்பர். ஆனால், கணித பாடவேளையில் ஆடாயிருந்த பிள்ளை சித்திர பாடவேளையிற் பசுவாகி அமர்ந்திருத்தலையும் அவர்கள் கண்டிருப்பரே! பிறவி இயல்பாயின் அது மணிக்கொருமுறை மாறுவது எங்ஙனம்? அறிவாற்றலை அளக்கும் அளவுகோலை 1905இல் சீமோனுடன் வகுத்த பிரெஞ்சு அறிஞர் பினே என்பாரே, அவ்வாற்றல் கூட்டவியலாத நிலைத்த அளவு என்றாரைப் பின்னர் வன்மையாக மறுத்தார்.

மண்ணை இடையில் வைத்தமையும் நமக்கு உடன்பாடன்று. வலிகாமத்துச் செம்மண்ணிலே கிணற்றுநீர் இறைத்து, எருவிட்டு, குழை தாழ்த்து, வெங்காயமும் புகையிலையும் விளைவிக்கும் கமக்காரன், இட்டதற்கேற்ப ஈயும் நிலத்தை இரண்டாந்தரம் என்பானோ?

ஒழுகற்குடம் பற்றியும் ஒன்று கூறல் வேண்டும். செர்மானிய அறிஞர் எபிங்ஹாஸ் பொருளற்ற அசைகளைத் தாமே மனனஞ் செய்து, மறதியை அளந்து, 1885இல் வெளியிட்டார். ஒருமணி நேரத்துக்குள்ளாகவே கற்றதிற் பாதிக்கு மேல் அவரை விட்டகன்றது. அவ்வகையில் நோக்கின் ஒழுகாத குடம் எவரிடத்தும் இல்லை. மீட்டும் மீட்டும் நிரப்பப்படுவதும் படாததுமே வேறுபாடு.

வியப்பு யாதெனின், இதற்கு மருந்தையும் அப்பாயிரமே வைத்திருக்கின்றது. ஆசிரியர் உரைத்ததைச் செவ்வையாகக் கொண்டாலும் மாணாக்கன் பெறுவது காற்கூறே. உடன்கற்பாரோடு பயிலுதலால் மற்றொரு கால். பிறர்க்கு எடுத்துரைத்தலால் எஞ்சிய அரை. இது வெறும் மரபுரையன்று. 2006இல் றோடிகர், கார்ப்பிக் என்னும் அமெரிக்க ஆய்வாளர், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தோரையும், படித்ததை ஏட்டைப் பாராது நினைவிலிருந்து எழுதியோரையும் ஒப்பிட்டனர். ஐந்து நிமிடத்தின் பின் முன்னவரே மேலோங்கினர். ஒருவாரத்தின் பின் பின்னவரே மிகுதியாக நினைவிற் கொண்டிருந்தனர்.

இக்கணக்கு மெய்யாயின், மூவகைப் பாகுபாடு தன் நூலினாலேயே மறுக்கப்படுகின்றது. காற்கூறு மட்டும் பெற்ற பிள்ளையை முழுமைக்கும் அளந்து கடைமாணாக்கன் என்பது எவ்வாறு நீதியாகும்? இன்றைய இடைநிலை வகுப்புக்களில் நிகழ்வதோ இதுவே. காலையிற் பாடசாலையில் ஓர் ஆசிரியர் உரைக்கின்றார். மாலையில் ரியூட்டரியில் வேறொருவர் இன்னும் உரத்து உரைக்கின்றார். இரண்டும் அக்காற்கூறே. பிள்ளை வாய்திறக்கும் வேளை யாது? சாதாரண தரப் பரீட்சை நெருங்கியதும் ‘இவன் தேறான்’ என்று பின்வாங்கிலுக்கு ஒதுக்கப்படுவோருள் எத்துணைப் பேர் எஞ்சிய முக்காலையும் ஒருநாளேனும் பெற்றிருப்பர்?

இனி, நூல் கற்பிக்கத் தகாதார் என்று பாயிரம் விலக்குவாருள் மடியன், பிணியன், துயில்வோன், மந்தன், தொன்னூலுக்கு அஞ்சித் தடுமாறும் உள்ளத்தினன் ஆகியோரும் உளர். ஈண்டு நூலாசிரியரோடு நாம் அறவே முரண்படுகின்றோம். தாம் விரும்பியோர்க்கே பாடஞ் சொன்ன பழைய ஆசிரியர்க்கு அது பொருந்தியிருக்கலாம். 1945இல் இலவசக் கல்வி வந்தபின் வாயிலில் நிற்கும் பிள்ளையைத் திருப்பும் உரிமை எவர்க்கும் இல்லை. எனினும் உளநோக்கில் அப்பட்டியல் மிக அரியது. அதனைக் குற்றப்பட்டியலாகக் கொள்ளாது நோய்க்குறிகளாகப் படித்தல் வேண்டும். துயில்வோன் இரவு துயின்றானா என்று வினவுக. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஊர்விட்டுப் பெயர்ந்தனர். போர் விளைத்த உளவடுக்களை மருத்துவர் தயா சோமசுந்தரம் 1998இல் நூலாக்கினார். அத்தகைய வடுவுற்ற பிள்ளையின் கவனச் சிதைவுக்கு ‘மடி’ என்று பெயரிடல் தகுமோ?

அஞ்சித் தடுமாறும் உள்ளத்தையோ இன்றைய உளநூலார் கணித அச்சம் முதலிய பெயர்களால் விரிவாக ஆராய்கின்றனர். ‘பிழைத்துவிடுமோ’ என்னும் கவலை நினைவின் செயற்பரப்பை நிறைத்துக் கொள்வதால், கணக்குக்கு வேண்டிய இடம் குறைகின்றது என்பர். அறிவின்மை வேறு, அறிவு இடமின்றி நிற்றல் வேறு.

அவ்வச்சத்தின் ஊற்று யாது? ஆசிரியராகாதார்க்குப் பாயிரம் கூறும் உவமைகளுள் மடற்பனை ஒன்று. கருக்குமட்டை களையாத பனையில் எவரும் ஏறவொண்ணாது. பழம் தானாக விழுந்தாலன்றிக் கிடையாது. பனை நாட்டினராகிய நமக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. அஞ்சிய மாணாக்கன் அண்ணாந்து பார்த்தது அத்தகைய பனையைத்தானோ என்று பாயிரம் வினவவில்லை. ஆகாத ஆசிரியர் ஒரு சூத்திரத்திலும், ஆகாத மாணாக்கர் வேறொரு சூத்திரத்திலுமாக, ஒருவரையொருவர் பாராமலே நிற்கின்றனர்.