ஒலிக்கோர் எழுத்தா? ஸ்லாவிய எழுத்துமுறை மதிப்பீடுகள் குறித்து

ஸ்லாவிய மொழிகளின் எழுத்துமுறைகளை ஒப்பிடுவோர் பெரும்பாலும் ‘ஒலிக்கோர் எழுத்து’ என்னும் ஒற்றை அளவுகோலையே கையாளுகின்றனர். அதன்படி செர்பிய மொழி முன்னிலை பெற, உருசிய மொழி பின்தள்ளப்படுகிறது. எழுத்துமுறை, ஒலிக்குறியீடு, விசைப்பலகை ஆகிய மூன்றின் வேறுபட்ட பணிகளை ஒன்றெனக் கொண்டதன் விளைவே இத்தரவரிசை.

வூக் கராஜிச் 1818இல் வெளியிட்ட செர்பிய அகராதி, பேசுவதுபோல் எழுதும் நெறியை முன்வைத்தது. ஆயினும் அம்மொழியின் இன்றைய எழுத்துமுறையில், ஸகரத்துக்கு முன்வரும் ஒலிப்புடைய தகரம் பேச்சில் ஒலிப்பிழந்தாலும் எழுத்தில் மாறுவதில்லை. ‘நகரம்’, ‘ஆலங்கட்டி மழை’ ஆகியவற்றைக் குறிக்கும் இரு சொற்களும் ‘க்ரத்’ என்னும் ஒரே எழுத்துக்கூட்டையே பெறுகின்றன. முன்னது நெடிலாகவும் பின்னது குறிலாகவும் ஒலிக்கும். நெடிலையும் குறிலையும் வரிவடிவிலேயே பிரித்தறியும் நமக்கு இது சிறு குறையாகத் தோன்றாது.

உருசியத்தில் ‘நீர்’ எனப் பொருள்படும் சொல் ஒகரத்தோடு எழுதப்பட்டு, அகரம்போல் ஒலிக்கிறது. அதன் பன்மையில் அழுத்தம் முதலசைக்கு நகர, ஒகரம் மீள்கிறது. எழுத்து இங்கே ஒலியை விடுத்துப் பகுதியைக் காக்கிறது. பெலருசியம் ஒருமையில் அகரத்தையும் பன்மையில் ஒகரத்தையும் எழுதுவதால் ஒலி துலங்குகிறது. பகுதி இரண்டாகப் பிளவுபடுகிறது. இவற்றுள் ஒன்றைக் குறையென்பது, சொல்லை அடையாளங்காணும் வாசகரின் தேவையை மறப்பதாகும்.

ஒலிக்குறியீட்டில் குழப்பம் மிகுதி. யான் ஹுஸ் இயற்றியதாகக் கருதப்படும் 15ஆம் நூற்றாண்டு நூலின் மேற்புள்ளியிலிருந்து வளர்ந்த செக் மொழிக் கொக்கிக்குறியை ஸ்லாவியலார் ஒலிக்குறியாகவும் ஆள்கின்றனர். செக், போலந்து, உருசிய மொழிகளின் ஷகரங்களை அந்த ஒரே குறியால் எழுதினால், பின்னிரண்டும் வளைநா ஒலிக்கு நெருங்கியவை என்பது மறைந்துவிடும். எழுத்துக்கூட்டின் ஒரு கூறு ஒலிக்குறியாக வேடமிடும்போது நேரும் பிழை இது.

விசைப்பலகைக்கோ வேறு கணக்கு. செக் பலகை மேல்வரிசையைக் குறியேற்ற எழுத்துகளுக்குத் தந்து, எண்களை மாற்றுவிசைக்குத் தள்ளுகிறது. உருசியப் பலகையில் ‘யோ’ இடப்புற மூலையில் ஒதுங்கிக் கிடக்கிறது. அன்றாட எழுத்தில் அதனிடத்தில் ‘யே’ வருவதால் ‘எல்லாரும்’, ‘எல்லாம்’ என்னும் சொற்கள் ஒன்றுபோலத் தோன்றுகின்றன. இதற்குப் பலகையை மட்டும் காரணமாக்குதல் தகாது. அவ்வழக்கம் கணினிக்கு முற்பட்டது.

லியுதேவித் காய் 1830இல் வகுத்த இலத்தீன் முறையின் வழியில் ஞகரம் இரண்டு எழுத்துகளால் எழுதப்படுகிறது. சிரில்லிக்கில் அதற்குத் தனியெழுத்து உண்டு. ‘ஊசிமருந்து’ எனப் பொருள்படும் ‘இன்யெக்த்ஸியா’வில் அதே இரண்டு எழுத்துகள் தனித்தனி ஒலிகளாகும். ஒருங்குறி இத்தகைய இணைகளுக்குத் தனிக்குறியிடங்களை வழங்கியும், தட்டச்சுவோர் இரண்டு எழுத்துகளையே தட்டுகின்றனர். எனவே சிரில்லிக்கிலிருந்து இலத்தீனுக்குப் பிழையின்றி மாற்றும் நிரல், எதிர்த்திசையில் சொற்பட்டியலின் துணையின்றி இயங்க இயலாது.