ஆங்கில வகுப்பில் 'ஜூலியஸ் சீசர்'

ஆங்கிலம் கற்பிக்கும் உயர்நிலைப் பள்ளிகளில் ஷேக்ஸ்பியரின் 'ஜூலியஸ் சீசர்' நெடுங்காலமாகப் பாடநூலாக விளங்கி வருகிறது. அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் மிகுதியாகக் கற்பிக்கப்படும் நூல்கள் எவை என்று ஆர்தர் ஆப்பிள்பி 1989-ல் வெளியிட்ட ஆய்விலும் அது முதல் ஐந்தனுள் நின்றது. மலாயாவிலும் சிங்கப்பூரிலும் கேம்பிரிட்ஜ் பள்ளிச் சான்றிதழ்த் தேர்வுக்காக ஷேக்ஸ்பியரைப் படித்தவர் பலர். நாடகம் அளவாற் சிறியது. சொல் பெரும்பாலும் எளியது. கதையோ யாவரும் அறிந்த ரோமாபுரிக் கதை. ஆசிரியர்கள் அதனை விரும்புவதில் வியப்பில்லை. வகுப்பறையில் அது என்ன ஆகிறது என்பதே ஆராயத்தக்கது.

வழக்கமாக எழும் வினாக்களைப் பாருங்கள். நாடகத்தின் தலைவன் சீசரா, புரூட்டஸா? புரூட்டஸின் குணநலன்களை விவரி. மக்கள் கூட்டத்தின் நிலையற்ற மனத்தைச் சான்று காட்டி விளக்கு. இவை தவறான வினாக்கள் அல்ல. ஆயினும் இவற்றுக்கு விடையெழுத நாடகத்தைப் படித்திருக்க வேண்டுவதில்லை. 1958-ல் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் கிளிப்டன் ஹில்லகாஸ் என்பவர் ஷேக்ஸ்பியர் நாடகங்கள் 16-க்குக் குறிப்பு நூல்கள் வெளியிட்டார். அவை மாணாக்கரிடையே பெருவழக்குப் பெற்றதற்கு அவர்களுடைய சோம்பலை மட்டும் காரணம் காட்டுதல் நேர்மையன்று. குறிப்பு நூலாலேயே விடையளிக்கத்தக்க வினாவைக் கேட்டவர் யார்? தமிழ் வகுப்பிலும் இந்நோய் இல்லாமல் இல்லை. நம் பழைய உரையாசிரியர்கள் மூலத்தின் சொல்லைப் பற்றிக்கொண்டே எழுதினார்கள். அவர்கள் உரையைப் படிப்பவன் பாட்டிற்குத் திரும்பாமல் ஓரடியும் நகர முடியாது. கடையில் விற்கும் 'நோட்ஸ்' பாட்டை மறக்கவே துணைசெய்கிறது.

மூன்றாம் அங்கத்தின் இரண்டாம் காட்சியை எடுத்துக்கொள்வோம். முதலில் புரூட்டஸ் பேசுகிறான். பின்னர் ஆண்டனி பேசுகிறான். புரூட்டஸின் பேச்சு உரைநடை. ஆண்டனியின் பேச்சு செய்யுள். இதனை மாணாக்கனுக்கு ஆசிரியர் சொல்லாதிருத்தல் நலம். அச்சிட்ட பக்கத்தைக் கண்ணால் பார்த்தே அவன் கண்டுகொள்வான். புரூட்டஸ் காரணங்களை அடுக்குகிறான். கூட்டம் ஆரவாரம் செய்கிறது. உடனே ஒருவன், இவனையே சீசர் ஆக்கிவிடலாம் என்று கூவுகிறான். சீசர் ஒருவன் இருத்தல் கூடாது என்பதற்காகவன்றோ கொலையே நடந்தது! அறிவுக்குப் பொருத்தமாகப் பேசிய பேச்சு கேட்டவர் காதில் எப்படி விழுந்தது என்பதற்கு அந்த ஒரு கூவல் போதும். 'மக்களின் நிலையற்ற மனம்' என்ற தலைப்பின்கீழ் இதனை அடக்கிவிட்டால், புரூட்டஸின் தோல்வி கண்ணுக்குத் தெரியாமலே போய்விடும்.

ஆண்டனியோ கொலையாளிகளை 'மதிப்பிற்குரியவர்கள்' என்று மீண்டும் மீண்டும் சொல்கிறான். அச்சொல் வரும் இடந்தோறும் மாணாக்கன் கோடிடட்டும். எவ்விடத்தில் அது புகழாக இருக்கிறது, எவ்விடத்தில் ஐயமாக மாறுகிறது, கூட்டத்தில் ஒருவன் அதே சொல்லை வெறுப்போடு திருப்பிச் சொல்வது எப்போது? இதற்கு விடை எந்தக் கடைக் குறிப்பிலும் மனப்பாடமாக நில்லாது. வாய்விட்டுப் படித்தாலன்றிக் குரலின் திருப்பம் பிடிபடாது.

அடுத்து ஆண்டனி சீசரின் மேலாடையைத் தூக்கிக் காட்டுகிறான். இந்தக் கிழிசல் காசியஸின் குத்து, இது காஸ்காவுடையது, இதோ புரூட்டஸுடையது என்று ஒவ்வொன்றாகச் சுட்டுகிறான். கூட்டம் கண்ணீர் விடுகிறது. வகுப்பும் பெரும்பாலும் உடன் உருகிவிடுகிறது. ஆனால் குத்து விழுந்த நேரத்தில் ஆண்டனி அங்கே இருந்தானா? முந்திய காட்சியில் டிரெபோனியஸ் அவனை வெளியே அழைத்துச் சென்றுவிட்டான். எந்தக் கிழிசல் எவருடையது என்று அவனுக்கு எப்படித் தெரியும்? பதினாறு வயது மாணாக்கன் இந்த வினாவைத் தானே எழுப்பும் நாளில்தான் அவன் இலக்கியம் கற்கத் தொடங்குகிறான். மேடைப்பேச்சைக் கேட்டுப் பழகிய எந்த ஊர்ப் பிள்ளைக்கும் அது நாடகத்தோடு நின்றுவிடும் அறிவன்று.

உயிலின் செய்தியும் அத்தகையதே. குடிமகன் ஒவ்வொருவனுக்கும் 75 டிராக்மா என்று ஆண்டனி அறிவித்துக் கூட்டத்தைக் கொதிக்க வைக்கிறான். அடுத்த அங்கத்தின் முதற்காட்சியில், அதே ஆண்டனி அதே உயிலைக் கொண்டுவரச் சொல்கிறான். கொடுக்கவேண்டியவற்றில் எதைக் குறைக்கலாம் என்று பார்ப்பதற்காக! சில வரிகளில் முடிந்துவிடும் இச்செய்தியைப் பாடத்திட்ட அவசரத்தில் தாண்டிச் செல்லுதல் மிக எளிது.

பிள்ளைகளின் ஆங்கில அறிவு இத்தனை நுட்பத்துக்கு இடந்தருமா என்று ஆசிரியர் சிலர் கேட்பர். கேம்பிரிட்ஜில் ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ் தம் மாணாக்கருக்கு ஆசிரியர் பெயர் இல்லாத கவிதைகளைக் கொடுத்துக் கருத்தெழுதச் செய்து, அதன் விளைவை 1929-ல் நூலாக்கினார். தேர்ந்த மாணாக்கரே பலர் நேர்ப்பொருளைத் தவறவிட்டனர். ஆகவே மெல்லப் படித்தல் வல்லவனுக்கு மட்டும் உரிய அணிகலன் அன்று. தடுமாறுபவனுக்குத்தான் அது முதல் தேவை. முழு நாடகத்தையும் ஓடி முடிப்பதைவிட நான்கு காட்சிகளை நின்று படிப்பது மேல். ஏனையவற்றைக் கதையாகச் சொல்லிவிடலாம்; பெருங்கேடொன்றும் விளையாது.

பழைய ரோமாபுரி நமக்கு எதற்கு என்பது இன்னொரு கேள்வி. தான்சானியாவின் ஜூலியஸ் நைரேரே இந்நாடகத்தைச் சுவாஹிலி மொழியில் பெயர்த்து 1963-ல் வெளியிட்டார். தென்னாப்பிரிக்காவின் ராபன் தீவுச் சிறையில், டர்பன் நகரத்து இந்தியரான சன்னி வெங்கடரத்தினம் ஷேக்ஸ்பியர் நூலொன்றைத் தீபாவளி வாழ்த்து அட்டைகளால் மூடி, சமய நூல் என்று சொல்லிக் காத்து வைத்திருந்தார். உடனிருந்த கைதிகள் முப்பதுக்கும் மேற்பட்டோர் தமக்குப் பிடித்த பகுதியில் கையொப்பமிட்டனர். நெல்சன் மண்டேலா 1977 டிசம்பர் 16-ல் ஒப்பமிட்ட இடம், சாவுக்கு அஞ்சுவதைப் பற்றிச் சீசர் பேசும் பகுதி. அந்தச் சீசரை வீண்பெருமை பேசுபவன் என்று குணநலக் கட்டுரையில் எழுதி மதிப்பெண் பெற்றவர் ஆயிரம் பேர் இருப்பர். அதுவும் பிழையன்று. ஆனால் சிறையிலிருந்து படிப்பவனுக்கு அவ்வரிகள் வேறு குரலில் கேட்கின்றன. இவ்விரண்டில் எது நாடகத்துக்கு நெருக்கமானது என்று வகுப்பு வாதிடலாமே!

இன்னொரு காட்சியையும் விட்டுவிடலாகாது. ஆண்டனியின் பேச்சு முடிந்ததும், தெருவிற் செல்லும் சின்னா என்னும் கவிஞனைக் கூட்டம் மறிக்கிறது. அவன் பெயர் சதிகாரன் ஒருவனுடைய பெயராகவும் இருக்கிறது. தான் அவன் அல்லன், கவிஞன் என்று அவன் சொல்லிப் பார்க்கிறான். அப்படியானால் இவன் கெட்ட கவிதைகளுக்காகக் கிழியுங்கள் என்கிறான் ஒருவன். மேடையில் பெரிதும் கழிக்கப்பட்ட இச்சிறு காட்சியை 1937-ல் நியூயார்க்கில் ஆர்சன் வெல்ஸ் தம் நாடகத்தின் நடுநாயகமாக வைத்தார். நடிகர்களுக்குப் பாசிச நாட்டு உடை; ஐரோப்பாவில் அப்போது முசோலினியும் ஹிட்லரும் ஆட்சியில் இருந்தனர். இக்காட்சியை மாணாக்கர் படித்தபின், ஆண்டனியின் பேச்சு நல்ல பேச்சா என்று கேட்டு, ஒரு பக்கம் எழுதச் சொல்லலாம். குறிப்பு நூலை மேசைமேல் திறந்து வைத்துக்கொள்ளவும் அனுமதிக்கலாம்.