திறந்த உலகும் ஆடுநர் சுதந்திரமும்: திணைக் கோட்பாட்டு நோக்கில் ஓர் ஒப்பாய்வு

கணினி விளையாட்டு திறனாய்வுக்குரிய பொருளாகுமா என்னும் ஐயம் நம்மிடையே இன்னும் முற்றாக நீங்கவில்லை. நாவலும் திரைப்படமும் தோன்றிய காலங்களில் அவை பற்றியும் இத்தகைய ஐயம் நிலவியது. மனிதனுக்கும் அவன் வாழும் சூழலுக்குமுள்ள உறவைப் புலப்படுத்தும் எவ்வடிவமும் ஆய்வுக்குரியதே. ஆடுநர் ஒரு பாத்திரத்தை ஏற்றுப் பரந்த நிலப்பரப்பொன்றில் தாம் விரும்பிய திசையிற் செல்ல இடந்தரும் ‘திறந்த உலக’ விளையாட்டுகள் இவ்வுறவையே தம் அடிப்படையாகக் கொண்டுள்ளன.

இவற்றை மதிப்பிடுதற்குத் தொல்காப்பியர் வகுத்த முதல், கரு, உரி என்னும் பாகுபாடு பெரிதும் துணைபுரியும். நிலமும் பொழுதும் முதற்பொருள். தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறை, தொழில் முதலியன கருப்பொருள். மாந்தர் ஒழுக்கம் உரிப்பொருள். இம்மூன்றும் இயையுமிடத்தே ஓர் உலகு முழுமை பெறுகின்றது.

பெதெஸ்டா நிறுவனம் 2002 இல் வெளியிட்ட ‘மொறோவின்ட்’ ஒரு துறைமுகத்திலே தொடங்குகின்றது. கைதியாகக் கப்பலில் வந்திறங்கும் பாத்திரம், குடிப்பதிவு அலுவலகத்தில் தன்னைப் பதிந்து பத்திரம் பெற்ற பின்னரே வெளியேறலாம். பேரரசொன்றின் ஆட்சிக்குட்பட்ட அத்தீவில் வழிகாட்டும் அம்புக்குறி இல்லை. ஊரவர் வாய்மொழியைச் செவிமடுத்தே வழி அறிதல் வேண்டும். கதைக்கு இன்றியமையாத ஒருவரை ஆடுநர் கொன்றுவிடின், ஊழின் இழை அறுந்ததென விளையாட்டு அறிவிக்கும். ஆயினும் தொடர்ந்து ஆடுவதைத் தடுப்பதில்லை. சீரழிக்கும் உரிமையும் அதன் விளைவைச் சுமக்கும் பொறுப்பும் இங்கு ஒருங்கே வழங்கப்படுகின்றன.

அதே நிறுவனத்தின் ‘ஸ்கைறிம்’ (2011) கருப்பொருள் வளத்தில் மேம்பட்டது. மக்கள் பகலில் தொழில் புரிகின்றனர், இரவில் உறங்குகின்றனர். எனினும் கதைக்கு வேண்டியவர் எத்துணை தாக்கப்படினும் மண்டியிட்டு மீண்டும் எழுவர். செல்லுமிடத்தை அம்புக்குறி காட்டிவிடும். எங்கும் செல்லலாம், ஆயின் உலகைக் காயப்படுத்த இயலாது. பரந்த சந்தையை நாடும் உற்பத்தி முறையின் தேவைகளும் இம்மாற்றத்துக்குக் காரணமாகலாம்.

போலந்து நிறுவனமான சீடி புறொஜெக்ற் றெட் 2015 இல் வெளியிட்ட ‘த விற்சர் 3’ எதிர்வழியிற் செல்கின்றது. தலைவன் முன்னரே வரையறுக்கப்பட்டவன். தன்னைப் புனைந்துகொள்ளும் உரிமை ஆடுநருக்குக் குறைவு. ஆனால் போரினாற் சிதைந்த வெலென் நிலத்தில், மரத்தடியிற் கட்டுண்ட ஆவியை விடுவித்தாற் சிறுவர் பிழைப்பர், ஒரு கிராமம் அழியும். அழித்தாற் சிறுவரைக் காக்க முடியாது. உரிப்பொருள் இங்கே முதன்மை பெறுகின்றது. நின்ரென்டோவின் ‘பிறெத் ஒவ் த வைல்ட்’ (2017) முதற்பொருளின் சாதனை எனலாம். எம்மலையிலும் ஏறலாம், மழை பெய்யிற் பாறை வழுக்கும், இடிமின்னலின்போது உலோகக் கருவி மின்னலை ஈர்க்கும். நிலமும் பொழுதும் ஆடுநரின் செயலோடு நேரே உறவாடுகின்றன.

எனவே சுதந்திரம் என்பது பரப்பளவன்று. செயலுக்கு உலகு அளிக்கும் மறுமொழியே அதன் அளவுகோல் என்பது பெறப்படும். ஆயினும் இம்முடிபோடு நின்றுவிடுதல் போதாது.

காணும் இடமெங்கும் நடந்து செல்லலாம் என்னும் இவ்வடிவத்தின் வாக்குறுதி, திருகோணமலைத் துறைமுகக் கரையில் வாழ்வோருக்கு வேறு பொருள் தரும். கோணேசர் கோயிலுக்குச் செல்லும் பாதை, இராணுவ முகாம் அமைந்துள்ள பிரெட்றிக் கோட்டையின் வாயிலூடாகவே செல்கின்றது. கொட்டியாரக் குடாவின் தென்புறத்துச் சம்பூர் மக்கள் 2006 இல் இடம்பெயர்ந்தனர். 2007 இல் அப்பகுதி உயர் பாதுகாப்பு வலயமாக்கப்பட்டது. காணிகள் 2015, 2016 ஆம் ஆண்டுகளிலேயே விடுவிக்கப்படலாயின. காணும் நிலம் வேறு, கால்படும் நிலம் வேறு என்பதை இவர்கள் அனுபவத்தால் அறிவர்.

மேற்கூறிய நான்கிலும் உலகு முழுவதையும் தன் விருப்பப்படி சுற்றித் திரிபவன் தலைவன் ஒருவனே. ஊரவர் தத்தம் இடத்திலிருந்து அவன் வருகைக்குக் காத்திருப்பர். இத்துறைமுகத்துக்கு வந்த போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் இவ்வாறே இதனைத் தமக்குத் திறந்த உலகாகக் கண்டனர். இங்கு வாழ்ந்தோர் அவர்கள் பார்வையிற் கருப்பொருளாகவே எஞ்சினர். அயலான் என ஊரவரால் ஒதுக்கப்படும் மொறோவின்டின் தலைவன் அவர்களது நம்பிக்கையைப் படிப்படியாகவே பெறவேண்டியுள்ளமை இப்பார்வையைச் சற்றே தளர்த்துகின்றது, முற்றாக மாற்றவில்லை.

புலம்பெயர் தமிழ்க் குடும்பமொன்றின் வாழ்வைச் சமையல்வழிச் சித்திரித்த ‘வெண்பா’ (2023), திறந்த உலக விளையாட்டு அன்றாயினும், நம் அனுபவமும் இவ்வடிவத்துக்குப் பொருளாகும் என நிறுவியது. நெய்தலுக்கு உரிப்பொருள் இரங்கல். கப்பலில் வந்திறங்குபவனை விடுத்துக் கரையில் நின்று இரங்குபவரைத் தலைமைப் பாத்திரமாக்கி, தம் காணிக்கு மீள்வதையே பயணமாகக் கொள்ளும் விளையாட்டொன்று தோன்றுமாயின், சுதந்திரம் என்னும் சொல் அங்கே தன் முழுப்பொருளையும் பெறும்.