ஹாக்வார்ட்ஸ் பள்ளியில் நாட்டார் கதைகளும் தொன்மங்களும்

ஹாக்வார்ட்ஸ், பிரிட்டிஷ் எழுத்தாளர் ஜே.கே. ரௌலிங் எழுதிய ஹாரி பாட்டர் நாவல் வரிசையில் வரும் மந்திரப் பள்ளி. 1997 முதல் 2007 வரை வெளிவந்த ஏழு நாவல்களின் பெரும்பகுதி இப்பள்ளியில் நிகழ்கிறது. நாட்டார் கதைகளையும் தொன்மங்களையும் கற்பிக்கும் தனிப்பாடம் ஹாக்வார்ட்ஸில் இல்லை. ஆனால் நாவல்களின் முக்கியமான முடிச்சுகள் பலவும் ஏதேனும் ஒரு பழங்கதையைச் சரியாகப் புரிந்துகொள்வதன் வழியாகவே அவிழ்கின்றன. இந்த முரணை வைத்து வாசிக்கும்போது இந்நாவல் வரிசை கதைகளைப் பற்றிய ஒரு கதையாகவும் தெரிகிறது.

பாடத்திட்டம்

முதலாண்டு மாணவர்களுக்கு உருமாற்றம், மந்திர உச்சாடனம், மருந்துக் கலவை, மந்திர வரலாறு, தீய மந்திரங்களுக்கு எதிரான தற்காப்பு, வானியல், மூலிகையியல் ஆகிய ஏழும் கட்டாயப் பாடங்கள். மூன்றாம் ஆண்டில் குறி சொல்லுதல், எண் சோதிடம், பண்டைய ரூன் எழுத்துகள், மாய உயிர்களின் பராமரிப்பு, மந்திரம் அறியாத மக்களைப் பற்றிய ஆய்வு ஆகியவற்றிலிருந்து விருப்பப் பாடங்களைத் தேர்ந்தெடுக்கலாம். இலக்கியம், இசை, ஓவியம் எதுவும் பாடமாக இல்லை.

இருந்தும் வகுப்பறைகள் முழுக்க நாட்டார் வழக்காறுகள் நிறைந்திருக்கின்றன. மூலிகையியல் வகுப்பில் மாணவர்கள் காதுகளை மூடிக்கொண்டு மாண்ட்ரேக் செடியைப் பிடுங்குகிறார்கள். அச்செடியின் அலறலைக் கேட்டவர் இறந்துபோவார் என்பது ஐரோப்பாவின் பழைய நம்பிக்கை. அதற்கு அஞ்சி ஒரு நாயைக் கட்டிச் செடியைப் பிடுங்க வைப்பார்கள் என்றும் கதைகள் உண்டு. ஹாக்வார்ட்ஸின் சமையலறையில் வேலை செய்யும் வீட்டுக் குள்ளர்கள் பிரிட்டனின் பிரௌனி கதைகளை நினைவூட்டுகிறார்கள். இரவில் வீட்டு வேலைகளைச் செய்து வைக்கும் பிரௌனிக்கு உடை பரிசளித்தால் அது வீட்டைவிட்டுப் போய்விடும். டாபி ஒரு காலுறையால் விடுதலை அடைவது இந்த நம்பிக்கையின் தொடர்ச்சி. ரசவாதக் கல்லைக் காக்கும் மூன்று தலை நாய் கிரேக்கத் தொன்மத்தின் செர்பரஸ். அதை இசையால் உறங்க வைப்பது ஆர்ஃபியஸின் உத்தி. அக்கல்லின் உரிமையாளராக வரும் நிக்கோலா ஃப்ளமேல் 1418-ல் இறந்த பாரிஸ் நகர எழுத்தர். அவர் ரசவாதி என்ற கதை அவர் இறந்து நெடுங்காலத்துக்குப் பிறகே பரவியது.

லூப்பினின் வகுப்பு

மூன்றாம் நாவலில் (1999) தற்காப்புப் பாடம் எடுக்கும் லூப்பின் நாட்டார் உயிர்களை அதிகமாக அறிமுகப்படுத்துகிறார். வட இங்கிலாந்துக் கதைகளில் போகார்ட் வீட்டிலும் சதுப்பிலும் தொல்லை கொடுக்கும் ஆவி. ரௌலிங் அதை, எதிரே நிற்பவர் எதற்கு அஞ்சுகிறாரோ அந்த வடிவத்தை எடுக்கும் உயிராக மாற்றுகிறார். அதை வெல்லும் வழி சிரிப்பு. ஓர் ஆவிக்கதையிலிருந்து அச்சத்தின் இயல்பைப் பற்றிய பாடம் ஒன்றை உருவாக்கிய இடம் இது. நாட்டார் கதையை நவீன எழுத்தாளர் எப்படிப் பயன்படுத்தலாம் என்பதற்கு நல்ல உதாரணம்.

ஆனால் மற்ற உயிர்களுக்கு இந்த அக்கறை கிடைப்பதில்லை. ஹிங்கிபங்க் கையில் விளக்குடன் வழிப்போக்கரைச் சதுப்புக்குள் இழுக்கும் ஒற்றைக்கால் ஆவி. தமிழகத்தின் கொள்ளிவாய்ப் பிசாசுக்கு இது உறவுமுறை. கிரிண்டிலோ குளத்துக்குள் ஒளிந்திருந்து குழந்தைகளைப் பிடித்துக்கொள்ளும் என்று லங்காஷயர், யார்க்‌ஷயர் பகுதிகளில் சொல்லப்பட்டது. குழந்தைகளை ஆழமான நீர்நிலைகளுக்குப் போகவிடாமல் தடுப்பதே அக்கதையின் வேலை. வகுப்பில் இவற்றின் வாழிடமும், இவற்றிடமிருந்து தப்பும் முறையும் மட்டுமே சொல்லப்படுகின்றன. இக்கதையை யார் யாருக்குச் சொன்னார்கள், ஏன் சொன்னார்கள் என்ற கேள்விக்கு அங்கே இடமில்லை. கதையில் இருந்த தாய்மார்கள் மறைந்துபோக, விலங்கியல் பட்டியல் மட்டும் எஞ்சுகிறது. மந்திர உலகில் இவ்வுயிர்கள் உண்மையானவை என்பதால் இது தவிர்க்க முடியாதது எனலாம். ஆனால் அந்த உலகத்துக்கும் கதைகள் உண்டு. அவற்றைப் பள்ளி எப்படி நடத்துகிறது என்பதே முக்கியமான கேள்வி.

பேராசிரியர் பின்ஸும் தொன்மமும்

இரண்டாம் நாவலில் (1998) ரகசிய அறை திறக்கப்பட்டதாகச் செய்தி பரவுகிறது. பள்ளியின் வரலாற்று நூலை எல்லா மாணவர்களும் நூலகத்திலிருந்து எடுத்துச் சென்றுவிடுகிறார்கள். எனவே ஹெர்மயனி மந்திர வரலாற்று வகுப்பில் கைதூக்கி அதைப் பற்றிக் கேட்கிறாள். பேராசிரியர் பின்ஸ் ஓர் ஆவி. தான் இறந்ததைக்கூட உணராமல் மறுநாள் உடலை விட்டுவிட்டு வகுப்புக்கு வந்தவர். தன் துறை தரவுகளைப் பற்றியது, தொன்மங்களைப் பற்றியது அல்ல என்று அவர் மறுக்கிறார். தொன்மங்களுக்கு அடியில் ஓர் உண்மை இருக்குமல்லவா என்று ஹெர்மயனி திரும்பக் கேட்கிறாள். எப்போதும் தூங்கி வழியும் அந்த வகுப்பு அன்று மட்டும் விழித்திருக்கிறது.

வேறு வழியின்றிக் கதையைச் சொல்லும் பின்ஸ், பலமுறை தேடியும் அறை கிடைக்கவில்லை, எனவே அது கட்டுக்கதை என்று முடிக்கிறார். அறை உண்மையிலேயே இருக்கிறது. அதற்குள் பாசிலிஸ்க் பாம்பும் இருக்கிறது. ஆவணம் இல்லாததால் நிகழ்வே இல்லை என்று முடிவுகட்டும் வரலாற்றெழுத்தின் மீதான பகடி பின்ஸ். 2002-ல் வெளிவந்த திரைப்படத்தில் இந்தக் காட்சி மக்கோனகலின் வகுப்புக்கு மாற்றப்பட்டது. அவர் கதையைப் பொறுப்புடன் சொல்கிறார். அதனால் காட்சி விறுவிறுப்பாக நகர்கிறது. ஆனால் வரலாற்றுக்கும் தொன்மத்துக்கும் இடையிலான மோதல் காணாமல் போகிறது.

எழுதப்பட்ட வரலாற்றின் மௌனத்தை நான்காம் நாவலும் (2000) தொடுகிறது. பள்ளியின் வரலாற்று நூல் 1000 பக்கங்களுக்கு மேற்பட்டது. அதில் ஓரிடத்தில்கூட வீட்டுக் குள்ளர்களைப் பற்றிய குறிப்பு இல்லை என்பதை ஹெர்மயனி கண்டுபிடிக்கிறாள். ஏழாம் நாவலில் (2007) கிரீச்சர் என்னும் குள்ளன் வாய்மொழியாகச் சொல்லும் கதை வழியாகவே ரெகுலஸ் பிளாக்கின் தியாகம் வெளிவருகிறது. எந்த நூலிலும் இல்லாத செய்தி அது. கேட்பதற்கு ஓர் ஆள் தேவைப்பட்டது, அவ்வளவுதான்.

மூன்று சகோதரர்களின் கதை

டம்பிள்டோர் ஹெர்மயனிக்கு விட்டுச் சென்றது பீடில் என்னும் கதைசொல்லியின் குழந்தைக் கதைகள், ரூன் எழுத்தில். அதைப் படிக்கும் பயிற்சி அவளுக்குப் பள்ளியில் கிடைத்தது. ஆனால் கதைகள் அவளுக்குத் தெரியாது. மந்திரம் அறியாத குடும்பங்களில் வளர்ந்த ஹெர்மயனியும் ஹாரியும் அவற்றைக் கேட்டதேயில்லை. அம்மா சொல்லக் கேட்டு வளர்ந்த ரானுக்கோ அவை மனப்பாடம். படிப்பில் முதலிடம் பெறும் மாணவிக்குத் தெரியாதது சராசரி மாணவனுக்குத் தெரிகிறது. பள்ளி கற்பிக்காத கதை, வீட்டில் கேட்க வாய்ப்பில்லாத குழந்தையைச் சென்று சேர்வதேயில்லை.

மரணத்தை ஏமாற்றி ஆற்றைக் கடந்த மூன்று சகோதரர்கள் மரணத்திடமிருந்தே மூன்று பரிசுகளைப் பெறும் கதை இது. இங்கிலாந்துக் கவிஞர் சாசர் 14-ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுதிய கான்டர்பரி கதைகளில், மரணத்தைக் கொல்லப் புறப்பட்ட மூவர் புதையலுக்காக ஒருவரையொருவர் கொன்று மடியும் கதை ஒன்று உண்டு. அதன் சாயல் இதில் தெளிவாகத் தெரிகிறது.

இக்கதைக்கு நாவலுக்குள்ளேயே மூன்று வாசிப்புகள் அமைகின்றன. ஹெர்மயனிக்கு அது நீதிக்கதை மட்டுமே. செனோஃபீலியஸ் லவ்குட் அதை வரி வரியாக நம்பி அப்பொருட்களைத் தேடுகிறார். இளம் வயது டம்பிள்டோரும் அப்படித் தேடியவரே. அதற்குக் கொடுத்த விலையை வாழ்நாள் முழுதும் சுமந்தவர். ஹாரி மூன்றாவது இடத்துக்கு வருகிறான். பொருட்கள் உண்மை, ஆனால் அவற்றை அடைவது கதையின் சாரம் அல்ல என்று உணர்கிறான். மரணத்தை நண்பனைப்போல ஏற்றுக்கொண்ட இளைய சகோதரனின் வழியிலேயே காட்டுக்குள் நடந்து செல்கிறான்.

வோல்டமோர்ட் இக்கதையை அறியவேயில்லை. அநாதை விடுதியில் வளர்ந்த அவனுக்குக் கதை சொல்ல ஆளில்லை. பிறகு கேட்டறியும் அக்கறையும் அவனுக்கு வரவில்லை. கதையின் மந்திரக்கல் பதித்த மோதிரம் கையிலிருந்தும் அது என்னவென்று தெரியாமல் அதைத் தன் ஆன்மாவின் ஒரு துண்டை வைக்கும் சிமிழாக்குகிறான். குள்ளர்களையும் குழந்தைக் கதைகளையும் பொருட்படுத்தாததே அவனது அறியாமை என்று டம்பிள்டோர் இறுதியில் விளக்குகிறார். ஏழு நாவல்களும் சென்று சேரும் இடம் இதுதான்.

கதைகளும் தணிக்கையும்

2008-ல் ரௌலிங் பீடிலின் ஐந்து கதைகளை டம்பிள்டோரின் குறிப்புகளுடன் தனிநூலாக வெளியிட்டார். நாட்டார் கதை ஆய்வுக்கு அறிமுகமாகவே வாசிக்கத்தக்க குறிப்புகள் அவை. துள்ளும் பானையின் கதை மந்திரம் அறியாத அண்டைவீட்டாருக்கு உதவச் சொல்கிறது. வெறுப்பு மிகுந்த காலத்தில் அதே பானை அவர்களை விழுங்குவதாகக் கதை மாற்றப்பட்டது. இன்னொரு ஆசிரியை அதைக் குழந்தைகளுக்கு ஏற்றதாகச் சர்க்கரை தடவி எழுதினார். கிரிம் சகோதரர்கள் 1812-ல் வெளியிட்ட தொகுப்பின் பிற்காலப் பதிப்புகளில் கொடிய தாய் சிற்றன்னையாக மாறியதை அறிந்தவர்கள் இந்தப் பகடியின் கூர்மையை உணர்வார்கள்.

மந்திரக்காரியும் மந்திரம் அறியாத வீரனும் இணையும் கதை இருப்பதால் இந்நூலை நூலகத்திலிருந்து நீக்கவேண்டும் என்று லூசியஸ் மால்ஃபாய் கோருகிறார். டம்பிள்டோர் மறுக்கிறார். இனத்தூய்மை பேசுபவர்கள் முதலில் அஞ்சுவது ஒரு குழந்தைக் கதைக்கு என்பது இங்கே வெளிப்படுகிறது.

விமர்சனம்

ரௌலிங்கின் பார்வைக்கு ஓர் எல்லை உண்டு. பிரிட்டிஷ் கதைகளை அவர் உள்ளிருந்து கையாள்கிறார். பிற நிலங்களின் கதைகளை அந்த உரிமையின்றியே எடுத்துக்கொள்கிறார். 2016-ல் வட அமெரிக்காவின் மந்திர வரலாறு என்னும் தலைப்பில் எழுதிய பகுதிகளில், நவஹோ மக்களின் தோல்மாறிகள் பற்றிய நம்பிக்கையை மந்திரக்காரர்களைப் பற்றிய அவதூறாக விளக்கினார். பூர்வகுடி எழுத்தாளர்களும் ஆய்வாளர்களும் அதைக் கடுமையாக எதிர்த்தனர். அது அவர்களுக்கு இன்றும் வாழும் நம்பிக்கை. வோல்டமோர்ட்டின் பாம்பான நாகினி சாபத்தால் பாம்பாகும் பெண் என்று 2018-ல் திரைப்படம் ஒன்றில் காட்டப்பட்டபோதும் இதே கேள்வி எழுந்தது. இந்தியாவிலும் தென்கிழக்காசியாவிலும் நாகர்கள் வழிபடப்படுபவர்கள். நாவலில் அந்தப் பின்னணியின் தடமே இல்லை, நாகினி தீயவனின் ஏவல் விலங்கு மட்டுமே.

பின்ஸ் செய்த பிழையும் இதுவும் ஒரே வேரிலிருந்து வருபவை. கதை இருக்கிறது, அதைச் சொன்னவர் இல்லை.

மதிப்பீடு

பாட்டி சொன்ன கதை பாடப்புத்தகத்துக்குக் குறைந்ததல்ல என்பதை ஒரு சாகசக் கதையின் கட்டமைப்பாலேயே நிறுவியது ஹாரி பாட்டர் நாவல்களின் முக்கியமான இலக்கியப் பங்களிப்பு. கதையை அலட்சியம் செய்தவன் தோற்கிறான். கதையைப் புதையல் வரைபடமாக மட்டும் படித்தவர்கள் சிதைகிறார்கள். கதையின் சாரத்தை வாழ்ந்து பார்த்தவன் மீள்கிறான். அந்தச் சாரத்தை ஹாக்வார்ட்ஸ் எந்த வகுப்பிலும் கற்பிக்கவில்லை. ரானின் அம்மா இரவில் பிள்ளைகளுக்குச் சொன்ன கதையிலும் கிரீச்சரின் அழுகையிலும்தான் அது இருந்தது.