ஒரே கட்டளை, இருவேறு நடத்தை: ஜிஎடிட் உரைத்தொகுப்பியும் தமிழ்ப் பனுவல் ஆய்வும்

லினக்ஸ் கணினியில் தமிழ்ப் பனுவல்களைக் கையாளும் ஆய்வாளர் இரண்டு இடங்களில் மாறிமாறிப் பணிசெய்ய வேண்டியவராகிறார். நூற்றுக்கணக்கான கோப்புகளில் ஒரு சொல்லாட்சியைத் தேடக் கட்டளைவரியே ஏற்றது; கிரெப் என்னும் கருவி கோப்பின் பெயரையும் வரியெண்ணையும் நொடிப்பொழுதில் தந்துவிடும். ஆனால், கண்ட சொல்லைப் படித்துச் சரிபார்க்க முனையம் அவ்வளவாக உதவுவதில்லை. எழுத்துகளை ஒரே அளவான கட்டங்களில் அடுக்கும் அமைப்பு அது. மெய்க்கு முன்னர் நிற்க வேண்டிய ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் பல முனையங்களில் இடம் பிறழ்ந்தே தோன்றுகின்றன. ஆகவே தேடல் முனையத்திலும் திருத்தம் சாளரத்திலும் நிகழ்கின்றன. இவ்விரண்டையும் இணைப்பது ஒரு வரிக் கட்டளை. குனோம் பணிச்சூழலின் நெடுநாளைய உரைத்தொகுப்பியாகிய ஜிஎடிட் அவ்விணைப்பை எவ்வாறு நிறைவேற்றுகிறது என்பதை இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

முதலில் அதன் நிறை. ஜிஎடிட் என்னும் பெயரை அடுத்துக் கூட்டற்குறி, வரியெண், கோப்பின் பெயர் ஆகியவற்றைத் தந்தால் அவ்வரியிலேயே சுட்டி நிற்கும். முக்காற்புள்ளியிட்டு நெடுவரிசை எண்ணையும் சேர்க்கலாம். இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. ‘கோவில்’ என்பதை நம் இலக்கண மரபு மூன்று எழுத்தாக எண்ணும். ஒருங்குறியில் அது ஆறு குறியீட்டு இடங்கள். வரித்தொடக்கத்தில் இச்சொல் நின்றால் இறுதி மெய்யை அடைய 3 அன்று, 5 என்றே தர வேண்டும். இது ஜிஎடிட்டின் குறையன்று. எனினும் யாப்பாய்வில் எழுத்தெண்ணிப் பழகியவர் இடறும் இடம் இதுவே.

பழைய மின்பனுவல்களைத் திறப்பதில் நிலைமை வேறு. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் தொடக்ககால வெளியீடுகள் திஸ்கிக் குறியேற்றத்தில் அமைந்தவை. அக்காலக் கோப்புகள் பலருடைய சேமிப்பில் இன்னும் உள்ளன. கோப்பின் குறியேற்றத்தைக் கட்டளைவரியிலேயே சுட்டும் வசதி ஜிஎடிட்டில் உண்டு. ஆனால் அது ஏற்கும் குறியேற்றங்களின் பட்டியலில் தாய், வியத்நாமிய, ஜார்ஜிய மொழிகளுக்குரியவை இடம்பெற, திஸ்கி இடம்பெறவில்லை. இக்குறையை ஈடுசெய்வதும் கட்டளைவரிதான். குனு சி நூலகத்துடன் வரும் ஐகான்வ் கருவி திஸ்கியை அறியும். காட்சி வரிசையில் கொம்பு, மெய், கால் எனச் சேமிக்கப்பட்ட ‘கொ’வை மெய் முன்னும் உயிர்க்குறி பின்னுமாக அது மாற்றித்தரும். அதன் வெளியீட்டைக் குழாய்க்குறியின் வழியே ஜிஎடிட்டுக்கு அனுப்பி, கோப்புப் பெயருக்கு மாறாக ஒற்றைச் சிறுகோட்டை இட்டால், மாற்றிய பனுவல் சாளரத்தில் திறக்கும், மூலக்கோப்பு தீண்டப்படுவதில்லை. மூலத்தைக் காக்க வேண்டிய பதிப்பாய்வாளருக்கு, உரைத்தொகுப்பியே குறியேற்றத்தை மாற்றுவதைவிட இவ்வழி பாதுகாப்பானது என்பேன்.

உண்மையான குறை, கட்டளை எப்போது முடிகிறது என்பதில் உள்ளது. ஜிஎடிட் ஏற்கெனவே இயங்கவில்லையெனில், கட்டளை சாளரம் மூடும்வரை முனையத்தைப் பிடித்துக்கொள்ளும். இயங்கிக்கொண்டிருந்தால், கோப்பை முந்தைய இயக்கத்திடம் ஒப்படைத்துவிட்டு உடனே முடிந்துவிடும். எழுதிய கட்டளை ஒன்றே, நடத்தை இரண்டு. விளைவு சிறியதன்று. முதல் முனையத்தில் கோப்பு ஒன்றைத் திறந்து, பின்னர் இரண்டாம் முனையத்திலிருந்து வேறொரு கோப்பைத் திறந்ததாகக் கொள்வோம். இரண்டாவது கோப்பும் முதல் முனையத்தைச் சார்ந்தே வாழ்கிறது. முதல் முனையத்தை மூடினால், சேமிக்காத திருத்தங்கள் இரண்டு கோப்புகளிலும் அழியும். கட்டளையின் இறுதியில் உம்மைக்குறியிட்டுப் பின்னணிக்கு அனுப்புவதே போதும் எனப் பலரும் கருதுகின்றனர். அது முனையத்தை விடுவிக்கிறதே ஒழிய, சார்பை அறுப்பதில்லை. முன்னணியில் இயங்கும்போது முனையத்தை மூடினால் குனோம் முனையம் எச்சரிக்கும். பின்னணிக்கு அனுப்பிய பின் அந்த எச்சரிக்கையும் எழுவதில்லை. தானியங்கிச் சேமிப்பு இயல்பிருப்பில் செயற்படுவதும் இல்லை. ஒரு பிற்பகல் முழுதும் பாடவேறுபாடுகளைக் குறித்து இவ்வாறு இழந்த பின்னரே இதன் காரணத்தைத் தேடினேன்.

இதற்கான தெரிவுகள் ஜிஎடிட்டிலேயே உள்ளன. ‘வெயிட்’ என்னும் தெரிவு, கோப்பு மூடப்படும்வரை கட்டளையைக் காத்திருக்கச் செய்யும். கிட் போன்ற பதிப்பு மேலாண்மைக் கருவியுடன் இணைப்பார்க்கு இது இன்றியமையாதது. ‘ஸ்டாண்டலோன்’ என்பது முந்தைய இயக்கத்துடன் சேராமல் தனியே இயக்கும். ஆனால் கட்டளையின் உதவிக்குறிப்பு, தனித்த முறையில் இயக்கும் என்று தெரிவின் பெயரையே திருப்பிச் சொல்வதோடு நின்றுவிடுகிறது. எதிலிருந்து தனித்தது, தனித்திராவிடில் என்ன நேரும் என்பன கூறப்படவில்லை. சொல்லுக்குச் சொல்லே பொருளாக நிற்கும் அகராதிப் பதிவைப் போன்றது இது.

2022இல் குனோம் 42 வெளியீட்டுடன் வந்த புதிய உரைத்தொகுப்பி, சேமிக்காத வரைவுகளைத் தானே காத்து மறுமுறை திறக்கும்போது மீட்டுத்தருகிறது. ஜிஎடிட்டையே தொடர்ந்து பயன்படுத்துவோர், நீண்ட திருத்தப் பணிக்குத் தனித்தியக்கத் தெரிவையும், முனையம் மூடினாலும் நிரல் நிலைக்கச் செய்யும் நோஹப் கட்டளையையும் சேர்த்தே வழங்குவது நலம்.