வாடிவாசல் என்பது மைதானம் இல்லை

சி.சு. செல்லப்பாவின் ‘வாடிவாசல்’ 2013இல் என். கல்யாண் ராமனின் மொழிபெயர்ப்பில் ஆங்கிலத்துக்குப் போனபோது, தலைப்போடு ‘அரீனா’ என்ற சொல்லும் ஒட்டிக்கொண்டது. எனக்கு முதல் உறுத்தல் அங்கேதான். வாடிவாசல் மைதானம் இல்லை. மாடு சீறிக்கொண்டு வெளியே வருகிற குறுகலான வாசல். அரீனா என்றதும் வெளியாள் மனதில் ரோமும் ஸ்பெயினும்தான் வந்து உட்காரும்.

ஸ்பெயினுக்கு அந்த முகத்தை எழுதிக் கொடுத்ததில் ஹெமிங்வேக்குப் பெரிய பங்குண்டு. 1926இல் வந்த ஒரு நாவல், பாம்ப்லோனாவை உலகத்துக்கே காட்டிவிட்டது. அது வெளியாள் எழுதியது. செல்லப்பா வத்தலக்குண்டில் வளர்ந்தவர், வெளியாளுக்காக எழுதவில்லை. அதனால் அவர் எதையும் விளக்குவதில்லை, பெருமையும் பேசுவதில்லை.

2017 சனவரிக்குப் பிறகு ஜல்லிக்கட்டு என்றால் தமிழன் என்றாகிவிட்டது. நான் இருப்பது ஒத்தக்கடை. வடக்கிலிருந்து வருகிற நண்பர்கள் யானைமலையைப் பார்த்து முடித்ததும் கேட்கிற அடுத்த கேள்வி, “நீங்க மாடு புடிப்பீங்களா?” நான் மாட்டுக்குத் தண்ணி காட்டியதுகூட இல்லை! அப்படிக் கேட்பவர்களிடம் இந்த நாவலைக் கொடுத்தால் வீரம் கிடைக்கும் என்று தேடுகிறார்கள், இல்லாவிட்டால் மிருகவதை. இரண்டும் இருக்கிறது, ஆனால் கதை வேறிடத்தில் நடக்கிறது.

அப்பனைக் குத்திய காரியைப் பிச்சி அடக்கிவிடுகிறான். ஸ்பெயினாக இருந்தால் மாட்டைக் கொல்வது வீரனின் வேலை. இங்கே சுடுவது ஜமீந்தார், மாட்டின் சொந்தக்காரர். ஊர் பார்க்கத் தோற்ற மாடு அவருக்கு உயிரோடு இருக்கக்கூடாது. அந்தத் துப்பாக்கிச் சத்தத்தைக் கேட்ட பிறகும் ‘இதுதான் எங்கள் பண்பாடு’ என்று இந்தப் புத்தகத்தைத் தூக்கிக் காட்டுகிறவர்களை எனக்குப் புரியவில்லை. ‘காட்டுமிராண்டிகள்’ என்பவர்களும் அந்தப் பக்கத்தைத் தாண்டித்தான் போகிறார்கள். மாட்டைவிட ஜமீந்தாரின் கௌரவத்துக்குத்தான் கொம்பு கூர்மை.

இன்னொன்று, பேச்சு. யார் யாரை ‘நீ’ என்கிறார், யார் ‘சாமி’ என்று குனிகிறார் என்பதிலேயே ஊரின் மொத்த அடுக்கும் நமக்குத் தெரிந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் எல்லாருக்கும் ஒரே ‘யூ’தான். மொழிபெயர்ப்பாளரைக் குறை சொல்ல முடியாது. அந்த மொழியில் அதற்கு இடமில்லை. ஆனால் அங்கே படிப்பவருக்கு மாடும் மனிதனும் மோதுவது மட்டும்தான் தெளிவாகத் தெரியும். பிச்சி யாருடைய மாட்டின் மேல் கை வைத்தான், அதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்பது பாதிதான் போய்ச் சேரும்.